சிவப்பு வெள்ளைக் கட்டைகள்

கட்டைகளைப் பார்த்ததும் பஸ்மா சிரித்தாள்.

அந்தக் கட்டைகளைக் கண்டு எந்தக் குழந்தையும் சிரிப்பதில்லை. சிவப்பும் வெள்ளையும் பூசிய மரக்கட்டைகள். படத்தில் இருப்பதுபோல அடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல்முறை பார்க்கிற பிள்ளை ஒன்றை எடுத்து வாயில் வைக்கும், இல்லையென்றால் அம்மாவைத் தேடும். இவளோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். நான் படத்தைத் திருப்பி வைப்பதற்குள் விரல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தெரியாமல் சற்றுமுன் என்னிடம் கழுத்தை நீட்டிய பெண் அவள்.

கல்வி உளவியலாளர் என்று என் கதவில் பலகை தொங்குகிறது. வெளியே வரிசையில் காத்திருக்கிற தாய்மாருக்கு நான் பிள்ளையின் அறிவை அளந்து நம்பர் போடுகிறவள். அந்த நம்பர் ஒரு கீழ்க்கோட்டுக்கும் ஒரு மேல்கோட்டுக்கும் நடுவில் விழுந்தால், பிள்ளை சாதாரணப் பள்ளியில் மற்றவர்களோடு உட்காரலாம். துணைக்கு ஓர் ஆள் உண்டு, பரீட்சைத் தாளும் எளிதாக வரும். கீழே விழுந்தால் தனிப் பள்ளி. எங்கள் பக்கத்துத் தனிப் பள்ளியில் பாசிமணி கோத்தே பிள்ளைகளுக்கு வயது போய்விடுகிறது. ஆகவே கீழ்க்கோடு அலெக்சாந்திரியா முழுக்கத் தெரிந்த சங்கதி. மேல்கோட்டைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. மதிப்பெண் கூடி ஒரு பிள்ளை கெட்டுப்போகும் என்று இந்த நாட்டில் யார்தான் நம்புவார்கள்? மழலை வகுப்புக்கே டியூஷன் வைக்கிற ஊர் இது.

நம்பரைக் கூட்டிப் பார்த்தேன். மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

சந்தேகம் தீர, எந்தப் படத்திலும் இல்லாத எளிய உருவம் ஒன்றை நானே அடுக்கிக் காட்டினேன். பஸ்மா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பழைய உருவத்தையே மறுபடி அடுக்கினாள்.

"அது இல்ல கண்ணு. இங்க பாரு, இந்த மாதிரி."

"அத மிஸ்டர் சொல்லித் தரல."

"எந்த மிஸ்டர்?"

"மிஸ்டர் பஹ்கத். சரியா வச்சா கைதட்டுவாரு."

டியூஷன் வாத்தியாரை இங்கே மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தாய் இனாயத்தை உள்ளே கூப்பிட்டேன். துறைமுகப் பக்கம் பஹ்ரியில் ஊறுகாய்க் கடையில் வேலை; அவள் வந்தால் அறையே காடி மணக்கும். பஸ்மாவுக்காக ஒரு தலைமையாசிரியரின் காலைக் கையைப் பிடித்து, இந்த வருடத்துக்கு ஓர் இடம் வாங்கி வைத்திருந்தாள். என் நம்பர் ஒன்றுதான் பாக்கி.

"எவ்வளவு வந்துச்சு டாக்டரம்மா?"

"நிறைய வந்திருக்கு. ஆனா..."

அந்த 'ஆனா' அவள் காதில் ஏறவில்லை. நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நடைவழியில் காத்திருந்த தாய்மார் என்ன ஏதென்று கேட்காமலே தாங்களும் குலவையிட்டார்கள். ஒருத்தி வாழ்த்துச் சொல்லத் தலையை நீட்டி, "மப்ரூக் அக்கா. யாருகிட்ட டியூஷன் அனுப்புனீங்க? போன் நம்பர் குடுங்க" என்றாள். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மிஸ்டர் பஹ்கத் எதிரில் இல்லாததால் இனாயத்மேலேயே பாய்ந்தேன்.

"இந்தச் சோதனைக்குப் போயி யாராவது டியூஷன் வைப்பாங்களா?"

"பரீட்சைன்னு சொன்னாங்க. பரீட்சைக்குப் படிக்க வைக்காம எப்படி அனுப்புறது?" அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "தச்சர்கிட்ட சொல்லி இதே மாதிரி கட்டை செஞ்சு வச்சிருக்காரு அந்த மிஸ்டர். ஒரு கட்டையத் திருப்பி வைக்கக் கத்துக்கறதுக்குள்ள இவ எப்படி அழுதா தெரியுமா?"

"உங்க பொண்ணுக்கு உதவியே வேண்டாம்னு ஆயிடுச்சும்மா. துணைக்கு ஆள் கிடையாது. எல்லாப் பிள்ளைங்களும் எழுதுற பரீட்சையத்தான் இவளும் எழுதணும். எழுதுவாளா?"

இனாயத் மகளைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அவ பேர எழுதுவா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப கொஞ்சம் குறைச்சுப் போடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நம்பரைக் கூட்டச் சொல்லி என் காலில் விழுந்தவர்கள் உண்டு. குறைக்கச் சொன்னவள் இவள்தான். பொய் எழுதவும் அந்த நேரம் எனக்கு மனம் வந்தது, மறைப்பானேன். ஆனால் என் கையெழுத்தோடு காரியம் முடிவதில்லை. அடுத்து, பள்ளியில் சேர்ப்பதை முடிவுசெய்கிற குழுவின் முன்னால் பஸ்மா மறுபடி அடுக்கிக் காட்ட வேண்டும். அங்கேயும் சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் உட்காருவாள். சோதனை செல்லாது, ஒரு வருடம் கழித்துத் திரும்பச் செய்க என்று எழுதுவதைத் தவிர எனக்கு வழியில்லை.

"அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றேன். "அதுவரைக்கும் இந்தக் கட்டைங்கள இவ கண்ணுலயே காட்டாதீங்க. சுத்தமா மறந்திருக்கணும். அப்பதான் சரியான நம்பர் வரும்."

"பள்ளிக்கூடத்துல இடம்?"

நான் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினேன். அவள் நாற்காலியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"மறந்திருக்கணுமா" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். "டாக்டரம்மா, இவளுக்கு ஒரு விஷயம் உள்ள போறதுதான் கஷ்டம். போயிட்டா வெளிய வராது. இவ அப்பன் எங்கள விட்டுட்டு எங்கயோ போயிட்டான். அவன் ஓட்டுன டாக்சி நம்பர இன்னைக்கும் சொல்லிட்டுத்தான் படுக்குறா."

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

"மறக்கறதுக்கு டியூஷன் எடுக்குறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. இன்னொரு கடையில வேலை பார்த்தாவது அனுப்புறேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பஸ்மா இதற்குள் கட்டைகளைக் கலைத்து, மிஸ்டர் பஹ்கத்தின் உருவத்தை இன்னொரு முறை அடுக்கி முடித்திருந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கைதட்டலுக்காக என் முகத்தைப் பார்த்தாள். கைதட்டத் தட்ட ஆழமாகப் பதியும் என்பது என் தொழிலின் முதல் பாடம்.

அவள் காத்துக்கொண்டே இருந்தாள். நான் தட்டினேன்.