இல்லாத ஆட்டுக்கு ஒரு பெயர்

என் மகள் ஸ்வந்தீஸ் பெற்ற பெண் குழந்தைக்கு ஆறு வாரமாகியும் பெயர் இல்லை. அதில் ஒன்றும் விசேஷமில்லை. எங்கள் ஐஸ்லாந்தில் ஞானஸ்நானத்தன்று பாதிரியார் கேட்கும்போதுதான் பெயரை வாய்விட்டுச் சொல்வது வழக்கம். அதுவரை குழந்தை 'சின்னக்குட்டி'தான். முன்கூட்டி வெளியே விட்ட பெயர் குழந்தைக்கு ஒட்டாது என்பார்கள். எங்கள் கடலோர ஊரில் அடிக்கிற காற்றுக்குத் தலையில் தொப்பியே ஒட்டுவதில்லை.

ஆனால் ஊர் ஏற்கெனவே பெயரை முடிவு செய்துவிட்டிருந்தது. ஸ்வந்தீஸின் மாமியார் போர்கில்தூர் போன குளிர்காலத்தில் காலமாகிவிட்டாள். பிறந்தது பெண். வேறென்ன பெயர் வைப்பார்கள்? மாமனார் குன்ஸ்டெய்ன் 'போர்கில்தூர்' என்று பொறித்த வெள்ளிக் கரண்டியே வாங்கி வைத்துவிட்டார். அவர் நாற்பது வருஷம் மீன்பிடிக் கப்பலில் கேப்டனாக இருந்தவர். அவர் முடிவு செய்ததை எதிர்த்துப் பேசியவர்கள் எல்லாரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள் என்று நான்தான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஸ்வந்தீஸுக்கோ வேறு ஆசை. மாமியார் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல் உண்டு. பாசி தின்றது போக அதில் மிச்சமிருப்பது ஒரே சொல்: மெக்கீன். யார் பெற்ற மகள், எந்தப் பண்ணை, எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பூனைக்கே ஏழு தலைமுறை சொல்லக்கூடிய ஊரில் அந்தக் கல்லுக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை. என் அப்பா காலத்திலேயே அந்தப் பெயரில் இங்கே யாரும் இருந்ததில்லை. கர்ப்பமாக இருந்தபோது மாமியார் கல்லறைக்குப் பூ வைக்கப் போன இவள், மூச்சு வாங்க அந்தக் கல்மேல் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் பிடித்துக்கொண்டுவிட்டது.

"அப்பா, நீ குளத்துல நாலு பேரு கிட்ட கேட்டுட்டு வா. குழந்தைக்குன்னு மட்டும் சொல்லிடாத."

"பின்ன யாருக்குன்னு சொல்றது? எனக்கா?"

"ஏதாவது சொல்லேன். பொய் சொல்ல உனக்கு நான் கத்துத் தரணுமா?"

ஞானஸ்நான அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே திரும்பத் தேய்த்தாள்.

"அவங்க சிரிச்சாங்கன்னா விட்டுடறேன்ப்பா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல இவளைப் பாத்துச் சிரிக்கறதை என்னால தாங்க முடியாது. மாமா கேக்கற பேரையே வெச்சுடறேன்."

ஊர் நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. அதுதான் எங்கள் பாராளுமன்றம். மழையும் பனியும் கலந்து கொட்டினாலும் கழுத்துவரை அதில் உட்கார்ந்திருப்போம். ஆவிக்கு நடுவே தலைகள் மட்டும் தெரியும். அன்று நான்கு தலைகள். டிராக்டர் மெக்கானிக் லூத்விக், பேக்கரிக்கார சோல்போர்க், நான், மூலையில் கண்ணை மூடிக்கொண்டு குன்ஸ்டெய்ன்.

"என் கிட்ட ஒரு பொட்டை ஆடு இருக்கு" என்றேன். "சாம்பல் நிறம். இந்த வருஷம் கறிக்கு அனுப்பாம வெச்சுக்கலாம்னு பாக்கறேன். மெக்கீன்னு பேரு வைக்கலாமா?"

"மெக்கீனா?" என்றான் லூத்விக். "டிராக்டருக்கு ஆர்டர் போடற சாமான் மாதிரி இருக்கே."

"நீ சும்மா இரு. ஆட்டுக்குன்னா நல்ல பேருதான்" என்றாள் சோல்போர்க். "எவளாவது புள்ளைக்கு வெச்சான்னா அப்போ சிரிச்சுக்கலாம்."

இருவரும் சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் ஏறி இறங்கியது. எனக்கு வெந்நீரிலேயே குளிர் எடுத்தது.

"ஆமா, உன் கொட்டகையில சாம்பல் ஆடு ஏதுய்யா?" என்றான் லூத்விக்.

"இன்னும் மலையை விட்டு எறங்கலை. இடது காது மட்டும் வெள்ளை. பாத்தா சொல்லு."

பொய்க்கு ஓர் அங்க அடையாளம் கொடுத்துவிடுவது என் வழக்கம். ஊர் மந்தையை மலையிலிருந்து ஓட்டி வந்து பிரித்துக்கொண்டு மூன்று வாரமாகியிருந்தது. ஒன்றிரண்டு ஆடுகள் மேலேயே தங்கிவிடுவது சகஜம்தான், ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை.

அப்போதுதான் குன்ஸ்டெய்ன் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டைக்கூட எடுக்காமல் கொட்டுகிற பனியில் ஈரத்தோடு நடந்து போனார். கேட்கவேண்டிய கருத்து அவருடையது ஒன்றுதான். அது மட்டும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அவரே வீட்டுக்கு வந்தார். ஸ்வந்தீஸ் காபி ஊற்றினாள். தட்டில் எண்ணெயில் பொரித்த க்ளெய்னா பலகாரம் இருந்தது. தொடவில்லை.

"நேத்து அவ வந்தா" என்றார்.

"யாரு மாமா?"

"போர்கில்தூர். கனவுல. வாசப்படியில நின்னா. பேரு கேட்டு வந்திருக்கா."

ஸ்வந்தீஸ் கையிலிருந்த காபிக் குடுவை மேஜையில் இடித்துக்கொண்டது. செத்தவர்கள் கனவில் வந்து குழந்தைக்குத் தங்கள் பெயரைக் கேட்டால் மறுக்க முடியாது. மறுத்த வீடுகளில் என்னென்ன நடந்தது என்று எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பாதிக் கதைகள் நான் கட்டிவிட்டவை. அப்படியும் எனக்கே முதுகு சில்லென்றது.

"சரி மாமா" என்றாள் ஸ்வந்தீஸ். குரல் தரையில் கிடந்தது.

வாசலுக்கு வந்ததும் குன்ஸ்டெய்ன் என் கையைப் பிடித்தார். கேப்டன் பிடி.

"உன் ஆடு. எந்தக் காது வெள்ளைன்னு சொன்ன?"

"இடது."

தலையை ஆட்டினார். "அதேதான்" என்றார். என்ன அதே என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை, ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், கேக் சொல்ல பேக்கரிக்குப் போனேன்.

"உன் சம்பந்தி தங்கமான மனுஷன்ய்யா" என்றாள் சோல்போர்க். "விடிஞ்சதும் மலைக்குக் கெளம்பிட்டாரே, உன் ஆட்டைத் தேடி. இந்த வானத்தைப் பாத்துட்டு நான்னா போவேனா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலையில் பாதியைக் காணோம்.

வீட்டுக்கு ஓடிவந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு, காது, தொட்டிச் சிரிப்பு. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். அவள் புருஷன் ஓர்ரி அன்று சாயங்காலம்தான் கப்பலிலிருந்து இறங்கவேண்டும்.

"என் பொண்ணு பேரை ஆட்டுக்கு வெச்சியா?"

"ஆடே இல்லைம்மா."

"ஆடு இல்லை. ஆனா அதைத் தேடிக்கிட்டு என் மாமனார் மேல இருக்காரு." அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "போய்க் கூட்டிட்டு வா. அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்தப் பேரைச் சொல்லி இவளைக் கூப்பிடுவேன்? இருட்டறதுக்குள்ள வரலைன்னா மீட்புக் குழுவுக்கு போன் பண்ணுவேன். என்னத்தைத் தேடிப் போனாருன்னு கேப்பாங்க. சொல்லுவேன்."

ஏறினேன். எழுபத்திரண்டு வயதில் அந்த மலையை ஏறுவது எனக்கு ஒன்றுமில்லை. மூச்சுதான் கீழேயே தங்கிவிட்டது. ஓடைக்கு மேலே ஈரப்பனி முழுப்பனியாக மாறியது. முதலில் பாதைக் கற்கள் மறைந்தன, பிறகு என் பூட்ஸ் மறைந்தது. "குன்ஸ்டெய்ன்!" என்று கூப்பிட்டால் காற்று அந்தப் பெயரை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. பனியில் ஆள் தடம் ஒன்று தெரிந்தது. பள்ளத்தாக்குப் பக்கம் போயிருந்தது. அந்தப் பக்கம் போகிறவர்களைப் பற்றி நான் கதைகூடக் கட்டியதில்லை.

விளிம்பு வரை போனேன். கீழே பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் பேச்சை நம்பியிருக்கிறார். அதற்கு இதுதான் பலன் என்றால் நாளைக்குக் கோயிலில் நான் எங்கே உட்காருவது?

தடம் விளிம்பில் திரும்பி, மேய்ப்பர்களின் பழைய கல்குடிசைக்குப் போனது. கதவில்லாத வாசலில் குன்ஸ்டெய்ன் உட்கார்ந்திருந்தார். தாடியெல்லாம் பனி. உயிரோடிருந்தார்.

"சம்பந்தி" என்றேன். மூச்சு வாங்கியது. "ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படாத. எனக்கு அப்படி ஒரு ஆடே…"

அவர் காலை நகர்த்தினார். அவருக்குப் பின்னால் ஓர் ஆடு நின்றது. சாம்பல் நிறம். இடது காது வெள்ளை.

இடது எது என்று என் கையைப் பார்த்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

"காதுல எந்தச் சொந்தக்காரனோட வெட்டுக்குறியும் இல்லை" என்றார். "அப்போ நீ சொன்ன உன் ஆடுதான். உக்காரு."

உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட நேரங்களில் நான் மறுத்துப் பேசுவதில்லை.

"கனவுல அவ இந்த ஆட்டோட கொம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா" என்றார் குன்ஸ்டெய்ன். "வாயே தொறக்கலைய்யா. பேரு கேட்டான்னு நான்தான் சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

ஆட்டின் கழுத்தைத் தடவினார்.

"எங்க மூத்த பொண்ணு பொறந்தப்போ போர்கில்தூர் ஒரு பேரு கேட்டா. அந்தக் கல்லுல இருக்கற பேரு. நான் தொட்டியில எல்லாரு முன்னாடியும் சொல்லிச் சிரிச்சேன். ஆட்டுக்கு வைக்கற பேருன்னு சொன்னேன். ஊரே சிரிச்சுது, இப்போ எவனுக்கும் ஞாபகம் இல்லை. அதுக்கப்புறம் அவ அந்தப் பேரை எடுக்கவே இல்லை. சாகறப்போ மட்டும், அந்தக் கல்லுக்குப் பக்கத்துல என்னைப் போடுன்னா. அன்னிக்கு நீ தொட்டியில அதே பேரைச் சொல்றே. ஆட்டுக்குன்னு சொல்றே. அதே சிரிப்பு. அவ பேரையே வெச்சா அந்தக் கடன் தீரும்னு நெனச்சேன், ஆனா அவ கேக்க வந்தது இந்தப் பேரைத்தான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இதை வெளிய சொன்னே, உன்னைத் தொட்டியிலயே அமுக்கிடுவேன்."

சொல்லமாட்டேன் என்றேன். போன மாதம் அவரே எழுதச் சொன்னதால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆட்டை இழுத்துக்கொண்டு இறங்கினோம். வெளிச்சம் போவதற்குள் ஊர் வந்துவிட்டது. வந்ததுதான் வினை. லூத்விக் பட்டறை வாசலிலிருந்து கத்தினான்: "ஏய், மெக்கீன் வந்துட்டாடோய்!" பேக்கரி வாசலில் கூட்டம் கூடியது. யாரோ ஆட்டுக்கு ரொட்டி கொடுத்தார்கள். என் வீட்டு ஜன்னலில் ஸ்வந்தீஸ் குழந்தையோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது பள்ளத்தாக்கு விளிம்பே பரவாயில்லை என்று தோன்றியது.

"முடிஞ்சு போச்சு" என்றாள், நான் உள்ளே வந்ததும். "இனிமே அது ஆட்டோட பேருதான். மாமா கேட்டதையே வெச்சுடறேன்."

"நீ ஆசைப்பட்ட பேரையே வை."

"கனவு?"

"கனவைத் திருத்தியாச்சு."

"யாரு திருத்தினா? நீயா?"

"நான் இல்லை. சத்தியமா."

அவள் என்னைப் பார்த்தாள். முப்பத்து நான்கு வருஷமாக நான் சொன்ன கதைகள் எல்லாம் எங்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டன. திமிங்கிலத்தின் முதுகில் உருளைக்கிழங்கு பயிரிட்டதைச் சொன்ன அதே வாயால் உண்மை ஒன்றைச் சொல்லும்போது அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. காரணத்தைச் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் ஓர்ரி மூட்டையோடு உள்ளே வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. குன்ஸ்டெய்ன் முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கோட்டுப் பையிலிருந்து வெள்ளிக் கரண்டியின் காம்பு எட்டிப் பார்த்தது. அதை ஸ்வந்தீஸும் பார்த்துவிட்டாள். லூத்விக்கும் சோல்போர்க்கும் எனக்கு நேர் பின்னால்.

பாதிரியார் அம்மாள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கேட்டார்: "குழந்தையின் பெயர் என்ன?"

ஸ்வந்தீஸ் கரண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. காட்டினால் பொய் என்று நினைத்துவிடுவாள். ஓர்ரி அவள் முதுகில் கை வைத்தான். குழந்தை ஒருமுறை கொட்டாவி விட்டது.

"மெக்கீன்" என்றாள்.

கோயிலில் ஒரு மூச்சு நின்றது. எனக்குப் பின்னால் லூத்விக் சிரிப்பை அடக்கும் சத்தம், மூடி சரியாகப் பொருந்தாத கெட்டிலைப் போல. இன்னொரு வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். ஸ்வந்தீஸின் காது நுனிகள் சிவந்தன.

குன்ஸ்டெய்ன் எழுந்தார். பெஞ்சு கிறீச்சிட்டது. ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்தப் பேரைச் சொல்லி என் வீட்டுல ஒரு தடவை சிரிச்சாச்சு" என்றார். "அது போதும்."

லூத்விக் தன் சிரிப்பை விழுங்கினான். அது உள்ளே இறங்கியதை நான் கேட்டேன். குன்ஸ்டெய்ன் பாதிரியாரிடம் திரும்பி, "நீங்க ஊத்துங்கம்மா" என்றார். பாதிரியார் ஊற்றினார். குழந்தை வீறிட்டு அழுதது. ஸ்வந்தீஸ் மாமனாரைப் பார்த்தபடியே இருந்தாள். குழந்தையின் நெற்றியைத் துடைக்க மறந்துவிட்டாள். அவர்தான் தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

வெள்ளிக் கரண்டியால் இப்போது அவரே தினமும் காலையில் தயிர் சாப்பிடுகிறார்.

ஆடு என் கொட்டகையில் இருக்கிறது. இரண்டு ஆடுகளுக்கான வைக்கோலைத் தின்கிறது. குழந்தைக்குப் போய்விட்டதால் அதற்கு இப்போது பெயர் இல்லை. போன வாரம் தொட்டியில் கேட்டுப் பார்த்தேன்: "ஆட்டுக்கு ஒரு பழைய பேரு வேணும். கைரீதூர்னு வைக்கலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ரொம்ப ஜாக்கிரதையாக, நல்ல பெயர், மிக நல்ல பெயர் என்றார்கள். சோல்போர்க் மட்டும் தண்ணீரில் என் பக்கமாக நகர்ந்து வந்து, காதோடு கேட்டாள்:

"யாரு வீட்டுலய்யா விசேஷம்?"