நண்டுகளுக்கு வழிவிட்ட சாலை

தைவானின் ஹெங்சுன் கடற்கரையில் சலூன் வைத்திருந்த சுன்லியெனுக்குக் கத்தரிக்கோலைவிட அரிவாள்மேல்தான் பிரியம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஞாயிறானால் கடையைப் பூட்டிவிட்டு, ஏழெட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு கடலோரச் சரிவுக்குப் போய்விடுவாள். எங்கிருந்தோ வந்த சூபாபுல் மரம் அந்தச் சரிவையே விழுங்கியிருந்தது. பழைய காட்டோடு, அதில் வளைதோண்டி வாழ்ந்த நிலநண்டுகளும் அருகிப்போயிருந்தன. சூபாபுலை வெட்டிச் சாய்த்து, அந்த மண்ணுக்கே உரிய புங்கையையும் தாழையையும் நட்டார்கள்.

முதல் குளிர்காலத்திலேயே மலையிலிருந்து இறங்கிய காற்று கன்றுகளை வேரோடு பிடுங்கிப்போட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் வெங்காயம் பயிரிடும் கின்ஹாய் வரப்பில் நின்று சிரித்தான்.

"என்னக்கா, காத்துக்குத் தீனி போடறீங்களா?"

"சிரிடா, சிரி. முடிவெட்ட எங்கிட்டதான வருவே? காது பத்திரம்!"

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குழுவில் பாதிப்பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களிடம், "வெட்டிப்போட்ட சூபாபுல் சும்மாதான கெடக்கு? அதையே மறைப்பா கட்டிப் பாப்போம்" என்றாள். கழிகளை ஊன்றி, கிளைகளைக் குறுக்கே பின்னி, காற்று வரும் பக்கம் இடுப்புயரத்துக்குத் தட்டி எழுப்பிவிட்டு மறுபடி நட்டார்கள். உள்ளங்கையெல்லாம் கொப்பளித்துப்போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் தட்டிகள் ஆடின, கன்றுகள் நின்றன. சில வருஷங்களில் புங்கை ஆள் உயரத்தைத் தாண்டியது. தாழைக்கடியில் புதுமண் தள்ளிய வளைகள் தென்பட்டன.

இலையுதிர்கால நிலா விழாவுக்கு முந்தின நாள். பொழுது சாயும் நேரத்தில் ஹாரன் சத்தம் கேட்டுச் சுன்லியென் சரிவிலிருந்து இறங்கி ஓடினாள். கின்ஹாயின் உரம் ஏற்றிய லாரி சாலைக்குக் குறுக்கே நின்றது. அதன் பின்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து.

"வழிய விடுய்யா! ஹோட்டல்ல சாப்பாடு ஆறிடும்" என்று கத்தினார் பேருந்து ஓட்டுநர்.

"ஆறினா சூடு பண்ணித் தின்னுக்கலாம். இவங்க பிரசவத்துக்குப் போறாங்கய்யா, கண்ணு தெரியல?" என்றான் கின்ஹாய்.

சாலை முழுக்க நண்டுகள். அடிவயிற்றில் முட்டைக்கொத்தைச் சுமந்துகொண்டு, கடலை நோக்கிப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

"எல்லாம் எங்க காட்டு நண்டு!" என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"எப்பலேர்ந்துடா அது 'எங்க' காடு?"

கின்ஹாய் திரும்பினான். முகம் சிவந்துவிட்டது. "போக்கா… இத்தன வருஷம் பாத்துக்கிட்டே இருந்தவனுக்குப் பங்கில்லையா?"

"பங்கு வேணும்னா அரிவாளோட வா."

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். பயணிகள் சத்தமில்லாமல் இறங்கி ஓரமாக நின்றார்கள். அவர்களில் ஓர் அம்மாள் சரிவை அண்ணாந்து பார்த்து, "இதெல்லாம் தானா வளந்த காடா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நாங்க நட்டது" என்றாள் சுன்லியென். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவள் காலணியை உரசிக்கொண்டு ஒரு நண்டு கடந்து போனது. அது கடலோரப் பாறைக்கு இறங்கும்வரை அவள் காலை நகர்த்தவே இல்லை.