இருபது நாளில் ஆயிரத்து எண்பது கையெழுத்து

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆற்றோரமாக இருக்கும் எங்கள் டன்ஸ்பெரியில் காகித ஆலையை மூடிய பிறகு மிச்சமிருந்த ஒரே முழுநேரத் தொழில் சண்டை. அந்த வசந்தத்தில் அதற்கு நல்ல சாக்குக் கிடைத்தது. ஊருக்குப் புதிதாக நகர சாசனம் எழுதினார்கள். நகர மன்றம் எப்படி நடக்க வேண்டும், அது தப்புப் பண்ணினால் மக்கள் என்ன செய்யலாம் என்றெல்லாம் அதில் இருக்கும்.

நான் நகர அலுவலகத்தில் வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்பவள். கூட்டங்களில் குறிப்பெடுப்பதும் என் தலையில்தான் விழும்.

சாசனக் குழுவின் தலைவர் வெண்டல் ஆர்கட், ஓய்வுபெற்ற பல் டாக்டர். நாற்பது வருஷம் எதிராளியின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுப் பேசியே பழகியவர். யாராவது பதில் சொன்னால் ஆச்சரியமாகப் பார்ப்பார்.

ஐந்து பிரிவுகள் கொட்டாவியோடு நிறைவேறின. ஆறாவதில் முட்டிக்கொண்டது. மன்றம் போடும் விதியோ, இந்தச் சாசனமோ பிடிக்காவிட்டால், மக்கள் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்து அதை வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். சரி, எத்தனை கையெழுத்து? வாக்காளர்களில் நூற்றுக்கு இருபது பேர், இருபதே நாளில் என்று எழுதியிருந்தார் வெண்டல்.

காசு போட்டு அவரவரே மெஷினில் துவைத்துக்கொள்ளும் சலவைக்கடை நடத்தும் லோர்னா திபடோ எழுந்தாள்.

"டாக்டர், இந்த ஊர்ல நூத்துக்கு இருபது பேர் எதுக்காவது ஒத்துப்போயிருக்காங்களா? தண்ணி ஈரமா இருக்கும்னு எழுதி நீட்டினாக்கூட, பாதிப் பேர் யோசிச்சுச் சொல்றேன்பாங்க."

"அதுக்குத்தான்மா இருபது. இல்லைன்னா தூக்கம் வராதவன் எல்லாம் மனுவைத் தூக்கிட்டு வந்துடுவான். நெசமாவே அக்கறை இருக்கிறவனுக்கு இருபது நாள் தாராளம்."

"அப்படியா? அப்ப நீங்க வாங்கிக் காட்டுங்க."

"எதை?"

"நூத்துக்கு இருபதுன்னா ஆயிரத்து எண்பது கையெழுத்து. எதைப் பத்தி வேணா கேளுங்க, உங்க இஷ்டம்."

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். வெண்டலின் கழுத்து சிவந்தது. "பத்து நாள்ல முடிக்கிறேன்," என்றார். இருபது என்றே குறித்துக்கொண்டேன். நல்ல மனுஷன், பாவம்.

அவர் வீட்டெதிரே மன்றம் ஒரு வேகத்தடை போட்டிருந்தது. லாரி ஏறி இறங்கினால் அவர் கட்டில் ஆடும். அதை எடுக்கச் சொல்லித்தான் மனு.

முதல் நாள் டை கட்டிக்கொண்டு கிளம்பினார். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. முதல் வீட்டில் நாய் வழிவிடவில்லை. இரண்டாம் வீட்டுக்காரி கதவைத் திறந்ததும் வாயையும் திறந்தாள். "வந்ததுதான் வந்தீங்க, இந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் பாருங்களேன்." மூன்றாம் வீட்டிலும் அதே கதை. நாலாம் நாள் சட்டைப்பையில் சின்ன டார்ச்சோடு போக ஆரம்பித்தார்.

முதல் வாரம் அறுபத்தொரு கையெழுத்து கொண்டுவந்தார். அதில் பத்தொன்பதைச் செல்லாதென்று அடித்தேன். ஒருவர் தன் நாயின் பெயரில் போட்டிருந்தார்.

"இது என் மச்சான் கையெழுத்தும்மா. எனக்குத் தெரியாதா?"

"உங்க மச்சான் பக்கத்து ஊருக்குப் போய் மூணு வருஷம் ஆச்சு டாக்டர். நீங்கதானே சாமான் ஏத்திவிட்டீங்க?"

பன்னிரண்டாம் நாள் மழை. ஒதுங்குவதற்கு லோர்னாவின் கடையைத் தவிர வேறு இடமில்லை. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. துணி சுத்துற வரைக்கும் மனுஷன் எங்கயும் ஓட முடியாது. வாங்கிக்குங்க."

அன்று மட்டும் ஐம்பத்திரண்டு விழுந்தது. கடைசியில் பேனாவை அவளிடமே நீட்டினார்.

"நான் போட மாட்டேன். அந்த வேகத்தடை நல்லது. நீங்க ஓட்டுற வேகம் எனக்குத் தெரியாதா?"

பதினேழாம் நாள் நடந்ததை அவரே பின்னால் கூட்டத்தில் சொன்னார். ஆற்றங்கரையில் விறகு பிளந்துகொண்டிருந்த ரோசேர் பெல்கி, அவர் கையிலிருந்த மனுவைப் பார்த்ததும் கோடரியை ஊன்றி நின்றான்.

"கையெழுத்தா? முதல்ல என் பல்லுக்குப் பதில் சொல்லு. எண்பத்தேழுல நல்ல பல்லைப் புடுங்கிட்டு, அதுவும் சொத்தைன்னு சாதிச்சியே."

இந்த வழக்கு ஊருக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் வெண்டல் சிரித்து மழுப்பிவிடுவார். அன்றைக்குக் கணுக்கால் வரை சேற்றில் நின்றார். பதினேழு நாளாக ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார்.

"ஆமா ரோசேர். தப்பான பல்லுதான். கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

ரோசேர் கோடரியைக் கீழே போட்டான். "இதைச் சொல்ல முப்பத்தாறு வருஷமாடா?" என்றான். பிறகு உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை. "நீ அந்த மேட்டுல குலுங்கிப் போறதைப் பாக்கிறதுல எனக்கு ஒரு ஆனந்தம்," என்றானாம்.

இருபது நாள் முடிந்தது. கூட்டத்தில் நான் எண்ணிக்கையை வாசித்தேன். செல்லுபடியானவை முந்நூற்று எண்பத்தேழு. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"எல்லாரும் சிரிச்சாச்சா?" என்றார் வெண்டல். "இருபதுன்னு எழுதினவன் ஒரு மடையன். அது நான்தான். நூத்துக்குப் பத்துப் பேர், அறுபது நாள்னு மாத்துறேன்."

"எட்டு," என்றாள் லோர்னா.

"பத்து."

"எட்டு. அந்தச் சேத்துல மறுபடி நடக்கிறீங்களா?"

மீன் கடையில் போல இழுத்து ஒன்பதில் நின்றார்கள். நவம்பர் வாக்கெடுப்பில் சாசனம் இருபத்துமூன்று ஓட்டில் தப்பிப் பிழைத்தது.

ஜனவரியில் முதல் மனு வந்தது. நவம்பரில் சாசனத்தை எதிர்த்துத் தோற்றவர்கள் கொண்டுவந்தது. சாசனத்தையே ரத்து செய்ய வேண்டுமாம். நாலு நாள் சரிபார்த்தேன். கையெழுத்து தாராளமாகவே இருந்தது.

லோர்னா என் மேசையில் ஓங்கித் தட்டினாள். "ஒன்பது ரொம்பக் கம்மின்னு யாருக்குமே தோணலையா?"

வெண்டல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார். "வா, போகலாம். எந்த வீட்டு நாய் கடிக்கும்னு எனக்குத் தெரியும்."

மூன்று மாதம் இரண்டு பேரும் தெருக்களைப் பங்கு போட்டுக்கொண்டு, சாசனத்துக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறினார்கள். ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் ரத்துக் கோரிக்கை ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வித்தியாசத்தில் படுத்தது. யார் நடந்த தெருவில் அதிக ஓட்டு விழுந்தது என்று பட்டியல் கேட்டு இருவரும் என்னிடம் தனித்தனியாக வந்தார்கள். கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.