நல்லா இழுக்குது

காலை ஏழு நாற்பதுக்கு மெஷினைப் போட்டேன். ஏழு ஐம்பதுக்கு டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. நான் பால் விடாத டீ குடிப்பவள்.

விரலால் தொட்டுப் பார்த்தேன். பழுப்பு மாவு.

மெஷின் என்றால் தூசி இழுக்கும் வேக்குவம். இடுப்பு உயரத்துக்கு ஒரு டிரம். அதன் குழாயை என் தேய்ப்பு மெஷினில் மாட்டியிருக்கும். நான் தேய்க்கத் தேய்க்க எழும் தூசியை அது இழுக்க வேண்டும். இழுத்த காற்று டிரம்முக்குள் இருக்கும் ஃபில்ட்டரைத் தாண்டி, தூசியை அங்கேயே விட்டுவிட்டு, பின்பக்கத் துவாரம் வழியாகச் சுத்தமாக வெளியே வர வேண்டும். அந்தத் துவாரம் என் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் இருக்கிறது.

பட்டறை அண்ணனுடையது. அறுப்பது அவன், தேய்ப்பது நான். பாலிஷ் என் வீட்டுக்காரர். தனி அறையில், கதவுகளின் விளிம்பில் பச்சை டேப் ஒட்டி, இரண்டு பக்கமும் ஃபில்ட்டர் குப்பி வைத்த முகமூடி போட்டுக்கொண்டு அடிப்பார். சமையலறை அலமாரிக் கதவுகள்தான் எங்கள் வேலை. அசல் மரம் இல்லை, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தேய்த்தால் சீவல் வராது. மாவு வரும்.

மூன்று மாதம் முன்னால் டாக்டரிடம் போனேன். ஒரு குழாயில் ஊதச் சொன்னார். நூறு வர வேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு வந்தது.

"ஒண்ணு வேலைய விடுங்க. இல்ல தூசிய விடுங்க."

வேலையை விட எனக்கு மனமில்லை. பதினாறு வருடம். ஒரு பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்வேன். அதனால் தூசியை விட முடிவு செய்தேன். ஃபில்ட்டர் கடைக்கு நானே போனேன்.

கடைக்காரம்மா முதலில் கேட்டது ஒரே கேள்வி. "என்ன இழுக்கப் போறீங்க? சீவலா, தூளா, மாவா?"

"மாவு."

எடுத்து வைத்த ஸ்பாஞ்சையும் துணியையும் திரும்ப உள்ளே வைத்தாள். மடிப்பு மடிப்பாக இருந்த காகித உருளை ஒன்றை எடுத்தாள். "கண்ணுக்குத் தெரியற தூசி மூக்கோட நின்னுடும். தெரியாதது இருக்கு பாருங்க, அதுதான் உள்ள போய்க் குடித்தனம் நடத்தும். அதுக்கு இதுதான்."

பில் போட்ட பிறகும் கூப்பிட்டுச் சொன்னாள். "கம்ப்ரஸர் காத்து வெச்சு ஊதிடாதீங்க. காகிதம் பொத்துப் போகும். பொத்தது கண்ணுக்குத் தெரியாது."

மெஷினுக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதி வைத்தேன். கையால் தட்டு. பிரஷால் தள்ளு. ஊதாதே.

சனிக்கிழமைதோறும் அதைப் பின்புறம் எடுத்துப் போவேன். விளிம்பை உள்ளங்கையால் தட்டுவேன். பிறகு மெல்லிய பிரஷால் ஒவ்வொரு மடிப்பாக, மேலிருந்து கீழே. நாற்பது நிமிடம் ஆகும்.

அண்ணன் சிரிப்பான். "குளிப்பாட்டி முடிச்சாச்சா? தலை துவட்டிப் பவுடர் போட்டு விடு. தொட்டில் வேணா செஞ்சு தரேன்."

ஒரு மாதத்துக்கு முன் அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது இருமல் வந்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டான். "குடு இங்க. நீ தூசியில நிக்காத. இனிமே நான் பாத்துக்கறேன்." அதற்குப் பிறகு அவன் சுத்தம் செய்வான், வீட்டுக்காரர் திரும்ப மாட்டுவார். என்னைப் பக்கத்தில் விடவில்லை. எனக்குக் கண் கலங்கியது. அதை நினைத்தால் இப்போது இன்னும் எரிகிறது.

நேற்று மறுபடி ஊதினேன். அறுபத்தொன்று.

"ஃபில்ட்டர் மாத்தினேன்னு சொன்னீங்களே," என்றார் டாக்டர். "உங்க நுரையீரல் அப்படிச் சொல்லலையே." பொய் சொல்கிறவளைப் பார்க்கிற பார்வை. "இன்னும் பத்து போச்சுன்னா, வேலைய நீங்க விட வேணாம். அதுவே உங்கள விட்டுடும்."

மாடிப்படி இறங்கும்போது இரண்டு இடத்தில் நின்றேன்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்," என்றார். அவருக்குப் பேச்சு குறைவு. மூன்று வாரமாகச் சாப்பாடும் தனியாகத்தான். முன்பெல்லாம் மதியம் மூன்று பேரும் என் தேய்ப்பு மேஜையைத் துடைத்துவிட்டு அதிலேயே சாப்பிடுவோம். இப்போது அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே பலகை அடுக்கின் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறார். உள்ளே புழுக்கமாம்.

டீயை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன்.

"இது என்ன?"

"டீ."

"மேல?"

எட்டிப் பார்த்தான். "பட்டறையில டீ வெச்சா தூசி விழாம பூவா விழும்?"

"மெஷின் போட்டுப் பத்து நிமிஷந்தான் ஆச்சு. ஃபில்ட்டர் வேலை செய்யலண்ணே."

"வேலை செய்யலயா?" ரம்பத்தை நிறுத்திவிட்டு என் அறைக்கு வந்தான். வேக்குவத்தைப் போட்டு, குழாயைத் தன் உள்ளங்கையில் வைத்தான். கை ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்துக் காட்டினான், வட்டமாகச் சிவந்திருந்தது. "பாரு. எப்படி இழுக்குது! நீ கழுவிக் குளிப்பாட்டினப்போ இப்படி இழுத்துச்சா? போன மாசத்துல இருந்துதான் நல்லா இழுக்குது. அதுக்கும் குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டாங்க இன்ஸ்பெக்டரம்மா."

"எப்படி சுத்தம் பண்றே?"

"பண்றேன்ல."

"எப்படின்னு கேட்டேன்."

அவன் சுவரைப் பார்த்தான். என் கையெழுத்துக்குக் கீழேதான் கம்ப்ரஸர் நின்றது.

"ரெண்டு நிமிஷ வேலைக்கு நாப்பது நிமிஷமா?" என்றான். "நாப்பது கதவு வெள்ளிக்கிழமை போகணும். நான் பிரஷ் புடிச்சு மடிப்பு எண்ணிட்டு இருக்கவா? லேசாத்தான் ஊதினேன்."

"எழுதி வெச்சிருக்கேன். எழுத்தை வெச்சுக்கிட்டே அதுக்குக் கீழ நின்னு ஊதியிருக்கே."

"கத்தாத. அம்மாவுக்கும் இதே இருமல்தான். உடம்பு வாகு அது. எல்லாத்துக்கும் ஃபில்ட்டர் மேல பழி போட்டா?"

"அம்மா எந்தப் பலகைய தேய்ச்சாங்க?"

அவன் சட்டைப் பையில் வெள்ளைக் கைக்குட்டை இருந்தது. உருவினேன். பின்பக்கத் துவாரத்தின் மேல் விரித்து, ரப்பர் பட்டையால் கட்டினேன். தேய்ப்பு மெஷினை எடுத்து பாதி முடிந்த கதவு ஒன்றைத் தேய்த்தேன். நான்கு நிமிடம். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கைக்குட்டையை அவிழ்த்தேன். நடுவில் பழுப்பு வட்டம். ஓரம் வெள்ளையாகவே இருந்தது.

"இந்தா. இதுல மூக்கு சிந்து."

"பழைய தூசியா இருக்கும். உள்ள தங்கினது."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? மூடியைக் கழற்றி ஃபில்ட்டரை உருவினேன். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது, புதுச் சட்டை மாதிரி. பலகை வைக்கும் அறைக்குள் எடுத்துப் போனேன். அங்கே ஜன்னல் கிடையாது. அண்ணன் பின்னால் வந்தான். விளக்கை அணைத்தேன். ஃபோன் டார்ச்சைப் போட்டு உருளைக்குள் விட்டேன்.

மடிப்புகளின் முனையெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். சுவரில் விழுந்தது. அண்ணன் சட்டையில் விழுந்தது. எண்ண ஆரம்பித்தேன். முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.

அண்ணன் தன் சட்டையில் விழுந்த பொட்டுகளைக் கையால் மூடப் பார்த்தான்.

"நல்லா இழுக்குதுன்னு நெனச்சேன்."

"அடைக்க ஒண்ணும் இல்லன்னா நல்லாத்தான் இழுக்கும். இழுத்து இழுத்து எங்கிட்டயே குடுத்துச்சு. ஒரு மாசம்."

"தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. உனக்கு நல்லது பண்றதா நெனச்சுதான்..."

"நெனச்சே. படிக்கல. மூணு வரி."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உருளையை அவன் முகத்துக்கு நேரே திருப்பினேன், ஒவ்வொரு பொட்டும் படட்டும் என்று.

அப்போதுதான் கவனித்தேன். மூன்று இடத்தில் வெளிச்சம் பொட்டாக வரவில்லை. விரல் நீளத்துக்கு இருட்டாக இருந்தது. டார்ச்சை வெளியே எடுத்து, கையை உள்ளே விட்டுத் தடவினேன். வழவழப்பு. பதினாறு வருடமாக மேடு பள்ளம் தடவிய விரல். நகத்தால் கிளப்பி இழுத்தேன்.

விளக்கைப் போட்டேன். பச்சை டேப்.

"நீ ஒட்டினியா?"

"நானா? பொத்திருக்குன்னு தெரிஞ்சா நான் ஏன் ஒட்டறேன்? அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பேன்." டேப்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "நான் ஊதி வெளியில வெச்சிடுவேன். மாப்பிள்ளதான் மாட்டுவார்."

ஃபில்ட்டரைத் தூக்கிக்கொண்டு பாலிஷ் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. அவர் முகமூடியோடு திரும்பினார். டேப்பை மேஜையில், அவருடைய டேப் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே பச்சை.

முகமூடியைக் கழற்றினார். மெதுவாக, ஒரு பட்டை, மறு பட்டை.

"மூணு வாரம் முன்னால மாட்டப் போனப்போ பாத்தேன்," என்றார். "மூணு இடத்துல கிழிஞ்சிருந்துச்சு."

"உள்பக்கமா ஒட்டியிருக்கீங்க."

"ம்."

"வெளியில தெரியக் கூடாதுன்னு."

"சொன்னா நீ மெஷினை நிறுத்திடுவே. மச்சானுக்கும் உனக்கும் சண்டை வரும். ஆர்டர் நிக்கும்." ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "ஆர்டர் முடிஞ்சதும் புதுசு வாங்கிக்கலாம்னு இருந்தேன். ஒட்டினா அதுவரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். நெஜமாத்தான் சொல்றேன். ஒட்டினதும் சரியாப் போச்சுன்னுதான் நெனச்சேன்."

"நேத்து அறுபத்தொண்ணுன்னு சொன்னப்போ?"

"உனக்கு இன்னும் பயமா இருக்குமேன்னு..."

வாசலில் அண்ணன் வந்து நின்றான். எனக்கு இருமல் வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தேன். இரண்டு பேரும் அசையவில்லை. மூச்சு திரும்பி வரக் காத்திருந்தேன். வந்தது, கொஞ்சம்.

"ஒட்டினதும் சரியாப் போச்சுன்னு நெனச்சீங்க."

"ஆமா."

"அப்போ அன்னையிலேர்ந்து ஏன் வெளியில போய் உக்காந்து சாப்பிடறீங்க?"