அறுபது முழத் திமிங்கலம்

கிணற்றுக் கயிறு இரண்டையும் காணவில்லை என்று பண்ணையாள் வந்து சொன்னபோது நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும் என்று தெரிந்தது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் குடும்பம் நடத்திய பள்ளிக்கூடம் அது. நான் மேனேஜர், என் மகள் சரஸ்வதி டீச்சர். தலைப்பிரசவத்துக்கு வந்தவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பிறந்த ஏழாம் நாள் பிள்ளை போய்விட்டது. கேட்டவர்களிடம், பள்ளிக்கூடத்துக்கு ஆள் இல்லை, நான்தான் நிறுத்திக்கொண்டேன் என்று சொன்னேன். அதில் பொய் இல்லை. அந்த வருஷம், எழுபத்துநாலில், ஒரு டீச்சர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

பத்து நாளாக அவள் திமிங்கலம் ஒன்றையே வைத்து எல்லாப் பாடமும் நடத்துவதாகக் கேள்வி. குட்டி நாளைக்கு எத்தனை குடம் பால் குடிக்கும் என்பது கணக்கு. அது போகும் வழி பூகோளம். மீனல்ல, நம்மைப்போல மூச்சு விடும் என்பது சயன்ஸ். கடலைப் பார்த்திராத பிள்ளைகள் எருமைக்குத் துடுப்பு வைத்த மாதிரி சிலேட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

நான் போனபோது, கயிறு பள்ளி வாசலில் தொடங்கி, மைதானம் போதாமல், வேலி இடுக்கு வழியாக உழுது போட்டிருந்த எங்கள் காட்டுக்குள் நீண்டிருந்தது. அறுபது முழம்.

"மேனேஜரய்யா வாலை மிதிச்சுப்போட்டாருங்க!" என்று கமலாத்தாள் என்ற சிறுமி கத்தினாள்.

எங்களிடம் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுவே முதல் தடவை. காலை எடுத்துக்கொண்டேன்.

சரஸ்வதி சிரிக்கவில்லை. குட்டி செத்துப்போனால் தாய் அதை விடாமல் நாள்கணக்கில் சுமந்துகொண்டே நீந்தும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் அத எங்கீங்க டீச்சர் உடும்?"

"அது தாய்க்குத் தெரியும் கண்ணு. கூடவே போகுமில்ல."

"போதும் அம்மிணி, பாடத்த முடி" என்றேன்.

அவள் திரும்பினாள். "ஏனுங்கப்பா, எம்புள்ளைய எங்க வெச்சீங்க?"

இரண்டு வருஷமாகக் கேட்காதவள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் அடக்கம் செய்யும் இடத்துக்கு வருவதில்லை. கைக்குழந்தையை எரிப்பதும் இல்லை. துண்டில் சுற்றி நானே எடுத்துப் போய் இந்தக் காட்டில்தான் வைத்தேன். கல் நட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள், புருஷன் வீடு போகமாட்டாள், ஊர் பேசும் என்று ஓர் அடையாளமும் வைக்கவில்லை. ஏர்க்காரனிடம் அந்த இடத்தை விட்டு ஓட்டு என்றால் காரணம் கேட்பான் என்று அதையும் சொல்லவில்லை. மூன்று தடவை உழுதாகிவிட்டது.

முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த இடம் என்று இப்போது எனக்கே தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கைத்தடியைத் தூக்கி ஓர் இடத்தைக் காட்டினேன்.

"அங்கீங்களா?"

"ஆமா."

செருப்பைக் கழற்றிவிட்டு மண்கட்டிகள் மேல் நடந்து போனாள். நான் காட்டிய இடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். பாடம் அங்கே நடக்கப்போகிறது என்று நினைத்து, பிள்ளைகள் சிலேட்டுகளோடு ஒவ்வொருவராக வேலி நுழைந்து போய் அவளைச் சுற்றிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். கமலாத்தாள் டீச்சரின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானும் மண்ணில் கை வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் வைத்தாள்.