கால்காரியின் கட்டிலில் கைக்காரி

நாலு மணிக்கு ஓட்டல் மேனேஜரம்மா வரப்போகிறாள். மணி பதினொன்று. கைக்காரிக்குக் கழுத்து திரும்பவில்லை.

காலையில் ஈரத்துண்டை உதறும்போது 'கடக்' என்றது. அவ்வளவுதான், முகம் வலது தோளைப் பார்த்தபடி நின்றுவிட்டது. பதினோரு வருஷமாக மசாஜ் கட்டிலில் ஊரார் கழுத்தையெல்லாம் உருவிவிட்ட கைகள்தான். ஆனால் தன் பிடரிக்குக் கொண்டுபோனால் தோள் தூக்கிக்கொள்கிறது; தோள் தூக்கினால் பிடிப்பு இன்னும் இறுகுகிறது.

"நான் அமுக்கிவிடவா?" என்றான் கணவன்.

"போன தடவை நீங்க அமுக்கினதுல ரெண்டு நாள் கை தூக்க முடியலை. போய் வாசலைப் பெருக்குங்க."

"கோணக் கழுத்தோட நின்னா அந்தம்மா தன் விருந்தாளிங்களை உன்கிட்ட அனுப்புவாங்களா? பல் டாக்டர் பொக்கை வாயோட உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. பேசாம எதிர்க்கடைக்குப் போ."

"செத்தாலும் போகமாட்டேன்."

எதிர்க்கடை அவன் தம்பி மனைவியுடையது. ஓரகத்திகள் இருவரும் ஒன்றாகத் தொழில் பழகி, எட்டு வருஷம் ஒரே கடையில் எண்ணெய் தேய்த்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் சின்னவள் திடீரென்று கூரையில் இரண்டு கம்பி மாட்டி, அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்களின் முதுகில் ஏறிக் காலால் மிதிக்கத் தொடங்கினாள்.

"இது மசாஜா, மண் மிதிக்கிறதா?" என்று வந்தவர் எதிரிலேயே கேட்டுவிட்டாள் பெரியவள். மறுவாரமே சின்னவள் தெருவைத் தாண்டித் தனிக்கடை போட்டாள். பெரியவளும் சும்மா இருக்கவில்லை. தன் பலகையில் ஒரு வரி சேர்த்தாள்: 'இங்கே யாரையும் மிதிப்பதில்லை.' தெரு பார்த்தது, பேர் வைத்துவிட்டது. கைக்காரி, கால்காரி.

பன்னிரண்டு மணிக்குக் கைக்காரி, கணவன் எடுத்துக் கொடுத்த மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, பின்தெரு வழியாகச் சுற்றி எதிர்க்கடைக்குள் நுழைந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது.

"கழுத்து" என்றாள், கிளி மாதிரி மெல்லிய குரலில்.

"தெரியுது. கழுத்துதான் முதல்ல உள்ள வந்துச்சு" என்றாள் கால்காரி. "மேல்துணியைக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்கம்மா."

குப்புறப் படுப்பவர்கள் முகம் வைக்கும் தலைமாட்டுத் துளைக்குள் அவள் முகம் இறங்கவில்லை. கன்னத்தைக் கட்டிலில் வைத்தால் பார்வை நேராகச் சுவர்ப்பக்கம் போயிற்று. கோணியதும் நல்லதுக்குத்தான் என்று கைக்காரி நினைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பான எண்ணெய் விழுந்தது. பிறகு இரண்டு பாதங்கள் ஏறின.

"எங்க வேலை பார்க்கறீங்க?"

"ஆ... ஆபீஸ்ல."

"எதிர்ல ஒரு கைக்காரி இருக்காளே, அங்க போகலையா?"

"அவங்க... ரொம்பக் கெட்டிக்காரங்கன்னு பேசிக்கறாங்க."

குதிகால் தோள்பட்டை ஓரத்தில் அழுந்தி இறங்கியது. "யாரு பேசிக்கறா?"

"அய்யோ! யாரும் பேசலை!"

"நான் மிதிக்கிறது எப்படி? மண் மிதிக்கிற மாதிரி இருக்கா?"

"இல்ல இல்ல. நல்லாத்தான்..."

"காதுல விழலை."

"நல்லா இருக்குடி!" கிளி பறந்துபோய், சொந்தக் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"அப்படிச் சொல்லுங்கக்கா" என்றாள் கால்காரி, முதுகின் மேல் நின்றபடியே.

கைக்காரி முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டாள். "எப்போ கண்டுபிடிச்சே?"

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? நான் தொழில் பழகினதே இந்த முதுகுலதானே? இடப்பக்கம் மச்சம், அதுக்குக் கீழ ஒரு முடிச்சு. மூஞ்சியை மூடிக்கிட்டு வந்தீங்க சரி, முதுகை எங்க வெச்சுட்டு வர்றது?"

"நான்தான்னு தெரிஞ்சேவா இப்படி மிதிச்சே?"

"வேற யாராவதா இருந்தா மெதுவா மிதிச்சிருப்பேன்."

கைக்காரி வெடுக்கென்று திரும்பி முறைத்தாள். முறைத்த பிறகுதான் உறைத்தது: திரும்பிவிட்டாள்! இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். வலி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

மேலே பார்த்தாள். கால்காரி நாலு நாலு விரல்களால் மட்டும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கட்டைவிரல்களிலும் துணிப்பட்டை சுற்றியிருந்தது.

"விரலுக்கு என்னடி?"

"மூட்டு தேஞ்சுபோச்சு. மூணு வருஷமாச்சு. டம்ளரைக்கூட ரெண்டு உள்ளங்கையாலதான் தூக்கறேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க மண் மிதிக்கிறதான்னு கேட்டுட்டீங்க."

 கைக்காரி எழுந்து உட்கார்ந்து, கீழே இறங்கியவளின் கையை இழுத்து மடியில் வைத்து, மணிக்கட்டிலிருந்து மெல்ல நீவத் தொடங்கினாள்.

"விடுங்கக்கா, மேனேஜரம்மா வந்துருவாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டுக்காரர்தான் காலையில வந்து சொன்னார். மழைக்கோட்டைக்கூட நான்தான் எடுத்துக் குடுக்கச் சொன்னேன். இல்லன்னா நீங்க வந்திருப்பீங்களா?"

"அந்த மனுஷனை..." என்று கைக்காரி பல்லைக் கடித்தாள். ஆனால் நீவுவதை நிறுத்தவில்லை. "சரி, உனக்கு என்ன தரணும் சொல்லு."

"அந்தப் பலகையில கடைசி வரியை அழிங்க. தினம் கதவைத் திறந்தா அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன்."

நாலு மணிக்கு மேனேஜரம்மா வந்தபோது வாசலில் ஏணி நின்றது. கீழே கணவன் அதைப் பிடித்துக்கொண்டு வசவு வாங்கிக்கொண்டிருந்தான். மேலே கைக்காரி, கழுத்தை நன்றாக நிமிர்த்தி, பெயிண்ட் தூரிகையோடு நின்றாள். கடைசி வரி இப்போது, 'மிதிக்க: எதிர்க்கடை' என்றிருந்தது.

மேனேஜரம்மா இரண்டு கடைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் எந்தக் கடைக்குத்தாம்மா ஆளனுப்பறது?"

"முதல்ல உங்க முதுகைக் காட்டுங்க" என்று கைக்காரி இறங்கி வந்தாள். "அதைக் கேட்டுச் சொல்றேன்."