ஏழாம் நம்பர்

அத்தாவின் கபன் துணியில் தூவுவதற்காகக் கற்பூரத்தைப் பொடித்துக்கொண்டிருந்த குல்ஷன், வாசலில் கடப்பாரை விழுந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். சாச்சா குலாம் முகம்மது நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கடப்பாரையின் முனை மழுங்கிப்போயிருந்தது.

"எங்க தோண்டுனாலும் முட்டி ஆழத்துல பாறை தட்டுதும்மா. இது நாலாவது குழி. பசங்க கையெல்லாம் கொப்புளம்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆகியிருந்தது. அத்தா லால் பாஷா விடியற்காலை பாங்கு நேரத்தில் கண்ணை மூடினார். மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று பள்ளிவாசல் மைக்கில் சொல்லியும் ஆகிவிட்டது.

"ஓசூருக்கு ஆள் அனுப்பியிருக்கேன். அங்க கபரஸ்தான்ல மண்ணு இருக்குது. ஒரு வேன் வெச்சு எடுத்துக்கிட்டுப் போயிரலாம்," என்றார் சாச்சா. அத்தாவின் தம்பி என்ற முறையில் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தாக வேண்டும். பாவம், காலையிலிருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை.

குல்ஷன் பொடிப்பதை நிறுத்தினாள். ஓசூரில் அத்தாவை யாருக்குத் தெரியும்? அம்மா ஃபகருன்னிசா இங்கே ஆற்றோரத்தில் அடங்கிக் கிடக்க, அவர் மட்டும் லாரிச் சத்தத்துக்கு நடுவே தெரியாத ஆட்களோடு கிடப்பதா?

அவர்கள் ஊரில் தென்பெண்ணை ஆறு ஒரு கருங்கல் முனையைச் சுற்றிக்கொண்டு திரும்பும். முனை ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு மூக்குப்பாறை என்று பேர். மூக்கின் நுனியில் பூங்கா. மூக்கின் தண்டில் கபரஸ்தான், ஊர் முஸ்லிம்களை அடக்கும் இடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி. கபரஸ்தானில் மண் இருந்த இடமெல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டது. மிச்சமிருப்பது பாறைமேல் போர்த்திய மண்தான்.

எழுபத்தொன்றாம் வருஷம் அந்த இடத்தில்தான் அணை வருவதாக இருந்தது. ஜீப்பில் வந்து கூடாரம் அடித்தார்கள். பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க, மூக்கின் குறுக்கே வரிசையாக ஒன்பது துளை போட்டார்கள். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இரும்பு ராடை இறக்கும் வேலை. ஒரு பக்கம் லால் பாஷா, மறுபக்கம் உள்ளூர்க்காரர் வெங்கடப்பன். எட்டுத் துளையில் இரண்டடி மூன்றடியிலேயே ராடு 'டங்'கென்று நின்றது. ஏழாவது துளையில் மட்டும் நிற்கவே இல்லை. இருபத்திரண்டு அடி இறங்கியும் கல் தட்டவில்லை. என்ஜினியர், இங்கே அணை நிற்காது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அணை வேறெங்கோ போயிற்று. கூடாரம் அடித்த இடத்தில் பத்துச் செடி வைத்து, இரண்டு ஊஞ்சல் போட்டு, பூங்கா என்று பேர் வைத்தார்கள். லால் பாஷாவை அதற்கு வாட்ச்மேன் ஆக்கினார்கள்.

ஊருக்கு வர வேண்டிய கால்வாய் வரவில்லை. யார்மேலாவது பழி போட வேண்டுமே. ராடைப் பிடித்த லால் பாஷா மேல் போட்டார்கள். அவருக்கு 'ஏழாம் நம்பர்' என்று பேர் ஆகிவிட்டது. அப்புறம் அது ஊர் வார்த்தையாகவே ஆகிப்போனது. மாடு சினை பிடிக்கவில்லையா, ஏழாம் நம்பர். பையன் பரீட்சையில் போய்விட்டானா, அவனும் ஏழாம் நம்பர். பள்ளிக்கூடத்தில் குல்ஷனை அந்தப் பேரின் மகளாகத்தான் கூப்பிட்டார்கள். அவள் ஒன்று, இரண்டு எண்ணும்போதுகூட ஆறுக்கு அப்புறம் கொஞ்சம் தயங்குவாள்.

இதை எல்லாம்விட அவளை அறுத்துக்கொண்டிருந்தது வேறு. நாலு வருஷத்துக்கு முன்பு, அவள் வேலை பார்க்கும் சிப்காட் கம்பெனியிலிருந்து பெண்களைப் பஸ்ஸில் ஏற்றிப் பிக்னிக் கூட்டிப்போனார்கள். எங்கே என்று பார்த்தால் மூக்குப்பாறை. அத்தா காக்கிச் சட்டையோடு முன்னால் வந்து, சாம்பல் பாறைக்கு நடுவே ஓடும் கறுப்புக் கல் வரியைக் காட்டிச் சொன்னார்: "இது அடியிலருந்து உருகி வந்து விரிசல்ல பூந்து ஒறஞ்ச கல்லுங்க. என்ஜினியரு சொன்னது. இந்த ரெண்டு கல்லும் சேர்ற ஓரம் இருக்குதே, அங்க தண்ணி எறங்கி எறங்கி, பூச்சி அரிச்ச மரமாட்டம் பாறையே உளுத்துப் போயிருக்கும்." பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அப்போது பூங்கா வாசலில் யாரோ, "என்ன ஏழாம் நம்பரு, கிளாஸ் எடுக்கறயா?" என்று கத்தினான். பஸ்ஸே சிரித்தது. குல்ஷன் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்து நின்றாள். அத்தா அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பாத்து எறங்குங்க மேடம், வழுக்கும்," என்று எல்லோருக்கும் சொல்வதுபோல அவளுக்கும் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது அவள் கற்பூரக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சாச்சா, மூலையில வேப்பமரத்துக்கிட்ட தோண்டிப் பாத்தீங்களா?"

அது எந்த இடம் என்று குலாம் முகம்மதுவுக்குத் தெரியும். கால்வாயைக் கெடுத்த துளை என்று அந்த மூலையில் இதுவரை ஒருவரையும் அடக்கியதில்லை.

"ஏழு அங்கதான இருக்குது," என்றாள். வாய்விட்டு அந்த எண்ணை அத்தாவோடு சேர்த்து அவள் சொன்னது அதுதான் முதல்முறை.

"வேணாம்மா. உசுரோட இருக்கறவரைக்கும் அந்தப் பேர வெச்சு அவர நாறடிச்சாங்க. செத்தப்புறமும் அங்கயே போயி படுக்கணுமா? காலம்பூரா ஊரு சொல்லும், ஏழாம் நம்பர் ஏழாம் நம்பர்லயே கெடக்கறான்னு. என் அண்ணனுக்கு நான் அதச் செய்ய மாட்டேன்."

வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார் வெங்கடப்பன். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தோளில் மண்வெட்டி.

"அந்தப் பேர வெச்சவன் நான்தானுங்க பாய்," என்றார்.

குலாம் முகம்மது திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு ராடோட அந்தப் பக்கம் புடிச்சிருந்தது நானு. கால்வா வந்தா மொதல்ல தண்ணி பாயறது என் காட்டுக்கு. அஞ்சடியில கல்லு தட்டுச்சுன்னு சொல்லிரு பாஷான்னு காலப் புடிக்காத கொறையா கேட்டேன். கான்ட்ராக்ட்டு ஆளும் அதயே சொன்னான். இவன் கேக்கல. தட்டலயே, தட்டுச்சுன்னு எப்படிண்ணா சொல்றதுன்னான். என்ஜினியரு கேட்டப்ப நேரா பாத்துச் சொல்லிட்டான். எனக்கு வயிறு எரிஞ்சுது. அந்த எரிச்சல்லதான் வெச்சேன்." அவர் மண்வெட்டியைத் தோள் மாற்றினார். "உளுத்த பாறை மேல அணையக் கட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு அப்பறம் யோசிச்சேன். கீழ எத்தினி ஊரு இருக்குது. ஆனா வெச்ச பேர எப்படித் திரும்ப வாங்கறது?"

உள்ளே யாரோ குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை வருஷத்தில் அத்தா இதை வீட்டில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று குல்ஷனுக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கு அவள் பின்னால் நகர்ந்திருக்க மாட்டாளே. கோபம் வந்த கையோடு அழுகையும் வந்தது. காலையிலிருந்து வராத அழுகை.

"அங்கயே வைங்க சாச்சா," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அம்மாவுக்கு நாலு எட்டு தள்ளித்தான்."

குலாம் முகம்மது கடப்பாரையை எடுக்கக் குனிந்தார். "அது வேணாம் பாய்," என்றார் வெங்கடப்பன். "மம்முட்டி போதும்."

இருவரும் ஒன்றாகப் போனார்கள்.

அஸருக்குப் பின் அத்தாவை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மூக்குப்பாறைப் பக்கம் நடந்தார்கள். பெண்கள் கபரஸ்தானுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. குல்ஷன் வாசற்படியில் நின்று, வெள்ளைத் தொப்பிகள் புளியமரத் திருப்பத்தில் மறையும்வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய், அத்தா கிடந்த கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள்.

சாச்சா திரும்பி வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. இடுப்புவரை செம்மண். ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார்.

"நெஞ்சு ஆழம் போயிட்டோம்மா. இன்னமும் எறங்கும்னு வெங்கடப்பன் சொன்னாரு. நாந்தான் போதும்னேன்." பிறகு கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மண்ணு மெத்துன்னு இருந்துச்சு."

அவர் லுங்கியை மாற்றிக்கொண்டதும், அழுக்கு லுங்கியைக் குல்ஷன் கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். சாவு வீட்டில் இன்றைக்கே துவைக்க வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை. வாளியில் முக்கியதும் தண்ணீர் சிவந்தது. கசக்கி எடுத்துவிட்டு வாளியின் அடியைத் துழாவினாள். விரலில் ஒரு பொடிக்கல்கூடத் தட்டுப்படவில்லை.

வாசலில் ஓலம் கேட்டது. ஜவளகிரியிலிருந்து காத்தூன் மாமி, அத்தாவின் அக்கா, பஸ்ஸைத் தவறவிட்டு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று மாரில் அடித்துக்கொண்டு, நேரே கிணற்றடிக்கு வந்து குல்ஷனைக் கட்டிக்கொண்டார். அழுது ஓய்ந்ததும் மூக்கை முந்தானையில் துடைத்தபடி கேட்டார்.

"எங்கம்மா வெச்சாங்க என் தம்பிய?"

கூடத்தில் இருந்தவர்கள் கிணற்றடிப் பக்கம் திரும்பினார்கள். சாச்சா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏழாம் நம்பர்ல, மாமி," என்றாள் குல்ஷன், கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. லுங்கியை உதறிக் கொடியில் போட்டு, அதன் சுருக்கங்களை இரண்டு கையாலும் நீவி விட்டாள்.